நாலு ஊசி, மூன்று பட்டை

முனீஸ்வரி அளந்தது தப்பு என்று எழுதிக் கொடுத்த ஆள் நான்தான். நான்கே வரி. என் பட்டறை லெட்டர்பேடில், என் கையெழுத்தோடு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தேன். அதில் தேதியைத் தவிர மற்றதெல்லாம் பொய். இதைச் சொல்லாமல் அந்தப் பெண்ணைப் பற்றி நல்லதாகப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் என்னை யோக்கியன் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் பெயர் ராஜா முகம்மது. உத்தமபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கீழே திராட்சைக்கும் மலைமேல் ஏலத்துக்கும் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் இருக்கிறதே, அதன் பம்புக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற பிளஞ்சர் கம்பியை நாங்கள் கடைகிறோம். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். கடைந்த கம்பியை அப்படியே மாட்டினால் ஒரு மாதம் தாங்காது. மருந்துத் தண்ணீரும் ரப்பர் சீலும் சேர்ந்து தின்றுவிடும். அதனால் தேனி பைபாஸ் ரோட்டில் ஞானதுரை சார் நடத்துகிற கம்பெனிக்கு நைட்ரைடிங் செய்ய அனுப்புவேன்.

நைட்ரைடிங் ஒன்றும் மந்திரம் இல்லை. மூடிய உலைக்குள் இரும்பை அடுக்கி, ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி, அம்மோனியா வாயுவை உள்ளே விட்டு இரண்டு நாள் வைத்திருப்பார்கள். அம்மோனியா உடைந்து, அதிலிருக்கிற நைட்ரஜன் இரும்பின் மேல்தோலுக்குள் இறங்கும். வெளியே வரும்போது கம்பி சாம்பல் நிறத்தில் இருக்கும். அரம் போட்டால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் தோல் சரியாக ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கம்பியை வெட்டி மதுரை லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பேப்பர் வருவதற்குள் மற்ற கம்பிகள் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் முனீஸ்வரி அந்தக் கம்பெனிக்கு வந்தாள். சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. தகப்பன் திராட்சைப் பந்தலில் கொடி கட்டுகிற கூலி. மகளை எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் வரைக்கும் படிக்க வைத்துவிட்டார். படித்ததற்கு ஏற்ற வேலை இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பில் போடுகிற வேலைக்குத்தான் எடுத்தார்கள். வந்த ஆறு மாதத்தில், தையல் மிஷின் ஊசி நாலை ஒரு மரக்கட்டையில் வரிசையாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்து, ஒயர் இழுத்து ஒரு சாமானைச் செய்து முடித்தாள். ஓரத்து இரண்டு ஊசி வழியாகக் கரண்டு போகும். நடு இரண்டு ஊசியில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். நல்ல மீட்டர் ஒன்று வேண்டும் என்று ஞானதுரையிடம் நச்சரித்து வாங்கியும்விட்டாள்.

ஒவ்வொரு லோடு உலைக்குள் போகும்போதும் அதே இரும்பில் கால் மில்லிமீட்டர் தகடு ஒன்றைத் தன் மேஜையிலிருந்து கொடுத்தனுப்புவாள். அது கம்பிகளோடு கூடவே வெந்து வரும். வந்ததும் நாலு ஊசியை அதன்மேல் அழுத்தி, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவாள்.

"இரும்புல ஷாக் அடிக்குதான்னு பாக்கிறியாம்மா?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பாய், சாயங்காலம் கம்பத்துல இருந்து எங்க ஊருக்கு வர்ற டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. கண்டக்டர் முன்னாடி இருந்து பின்னாடி போகணும். ஆளுக அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு நடுவுல நின்னா அவரு லேசுல போக முடியுமா? கரண்டும் அப்படித்தான். இந்த இரும்புக்குள்ள குரோமியமும் அலுமினியமும் கலைஞ்சு கலைஞ்சு நிக்குது. நைட்ரஜனும் ஏறுனா நெரிசல் கூடும். ரீடிங் ஏறும். அப்புறம் நேரம் ஆக ஆக நைட்ரஜனும் குரோமியமும் ஒண்ணு சேந்து, பொடிப்பொடியா அங்கங்க உக்காந்துக்கும். நடைபாதை காலியாகும். ரீடிங் இறங்கும். ஏறி இறங்கி எங்க நிக்குதுன்னு பாத்தா, உள்ள என்ன நடந்துச்சுன்னு வெட்டாமலே சொல்லிரலாம்."

"கெட்டித்தனமும் அதனாலதான் வருதா?"

"ஆமா. அந்தப் பொடிதான் இரும்பை நகர விடாமப் பிடிச்சுக்கிருது. ஆனா அளவு மீறி வெந்தா பொடியெல்லாம் திரண்டு பெருசாயிரும். அப்பப் பிடி விட்டுப் போகும். ரீடிங் அதையும் காட்டிக் குடுத்துரும்."

நாற்பது வருஷம் இரும்போடு கிடந்தவன் நான். இரும்புக்குள் ஒரு டவுன் பஸ் ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்று வருஷம் அப்படி அளந்தாள். ஐந்து லோடுக்கு ஒருதரம் மதுரைக்கும் ஒரு துண்டு போகும். அங்கிருந்து வருகிற கடினத்தன்மை அளவும் அவள் முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்ததும் ஒத்துப்போகும். அவள் வேண்டாம் என்று சொன்ன இரண்டு லோடுகளும் மதுரையிலும் தேறவில்லை. இவ்வளவுக்கும் சோதனைச் சான்றிதழில் கையெழுத்து அவளுடையது இல்லை. ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் மாதம் ஒருதரம் வந்து, காபி குடித்து, அறுபது பேப்பரில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். உலையின் பக்கம் அவர் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

இதை மாற்ற ஒரு வழி வந்தது. கோயம்புத்தூரிலிருந்து பெரிய பம்பு கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் வருவதாகச் சொன்னார்கள். அவளுடைய நோட்டைப் பார்த்து அந்த முறையை ஒப்புக்கொண்டால் அதன் பிறகு சான்றிதழில் முனீஸ்வரி என்றே இருக்கும் என்று ஞானதுரை வாக்குக் கொடுத்தார். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கையெழுத்து வரட்டும், அப்புறம் பாப்போம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுடைய அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இனி ஒச்சாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஆண்டிபட்டிப் பக்கம். ஐம்பது வயது, நல்ல வேலைக்காரர், கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது. கம்பியைச் சுத்தம் செய்வதில் அவரைப் போல ஒருவரைப் பார்க்க முடியாது. நைட்ரைடிங்கில் அதுதான் முக்கியம். கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கோ அழுக்கோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் நைட்ரஜன் இறங்காது. அதனால் கையுறை போட்டுக்கொண்டு, திரவத்தில் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்து, கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி அடுக்குவார்.

அந்த வருஷம் செப்டம்பரில் அம்மோனியா குழாயில் கசிவு வந்தது. ஒச்சாண்டி வால்வை மூடப் போய் அங்கேயே மயங்கி விழுந்தார். இழுத்து வெளியே போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாளில் பிழைத்து எழுந்து வந்தார். குலசாமிதான் காப்பாற்றியது என்றார். ஆயுத பூஜை முடிந்து உலைக்குள் போகிற முதல் லோடு முழுவதற்கும் குலசாமி கோயில் திருநீறு பூசுவதாக வேண்டிக்கொண்டார். முந்தின வருஷங்களில் எல்லாம் ஒரே ஒரு உருப்படிக்குத்தான் பூசுவார். அது எங்கே போனதோ, யார் கண்டார்கள்.

அந்த முதல் லோடு என்னுடைய எண்பத்து நாலு கம்பி.

பூஜைக்கு நானும் போயிருந்தேன். வருஷா வருஷம் போவேன். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வருவேன். ஞானதுரை சர்ச்சுக்குப் போகிற ஜெபக்காரர். ஆனாலும் பூஜையில் குறை வைக்க மாட்டார். வாசலில் நின்று எல்லாருக்கும் போனஸ் கவரும் இனிப்பும் கொடுப்பார். யாருக்கும் யாரோடும் சண்டை கிடையாது. ஒச்சாண்டி கம்பிகளை முதல் நாளே கழுவி, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார். இரும்பில் வெறும் திருநீறு நிற்காது என்று பாலும் சந்தனமும் விட்டுக் குழைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு கம்பியையும் இடது கையில் உருட்டிக்கொண்டே வலது கை மூன்று விரலால் பூசினார். மூன்று பட்டை, கம்பியைச் சுற்றி வளையமாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அப்படியே உலைக்குள் வைத்துவிட்டார். மற்ற நாளில் ஒரு விரல் ரேகையைக் கூட விடாத மனுஷர், சாமி திருநீறு அழுக்கில்லை என்று நினைத்தார். அதை எப்படிக் குற்றம் சொல்வது? நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை.

முனீஸ்வரி தன் தகட்டைக் கொடுத்தனுப்பினாள். அது அவள் மேஜையிலிருந்து சுத்தமாகப் போனது, அதில் பட்டை இல்லை. வெந்து வந்ததும் அளந்தாள். எண் அச்சாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. லோடு தேறியது என்று எழுதினாள். ஒச்சாண்டியின் ஆட்கள் கம்பிகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெயில் முக்கி எனக்கு அனுப்பினார்கள். பட்டை இருந்த சுவடே இல்லை.

மூன்று வாரத்தில் கம்பி திரும்பி வர ஆரம்பித்தது. சீல் கிழிந்து பம்பு ஒழுகுகிறது என்றார்கள். எல்லாக் கம்பியிலும் ஒரே மாதிரி மூன்று வளையம் தேய்ந்திருந்தது. காமயகவுண்டன்பட்டியில் சுருளிராஜன் என்கிற மருந்தடிக்கிற ஆளுக்கு, சீல் பிய்த்துக்கொண்டு மருந்து கண்ணில் பீய்ச்சியடித்தது. முனீஸ்வரி வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவர். ஒரு கண்ணில் பார்வை இன்றைக்கும் மங்கல்தான்.

நான் ஆறு கம்பியை எடுத்துக்கொண்டு நேரே அவள் மேஜைக்குப் போய்ப் போட்டேன். "உன் ஊசி என்னத்தம்மா பாத்துச்சு?" என்று கத்தினேன். கம்பெனி முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் வெள்ளைத் துணியை எடுத்தாள். ஒரு கம்பியைத் துடைத்து, நாலு ஊசியை ஒரு முனையில் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அளந்துகொண்டே போனாள். கனமான கம்பியில் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்தான் தெரியுமாம், புள்ளிக்குப் பிறகு மூன்றாவது எண்ணில். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தேய்ந்த வளையம் மூன்றிலும் மீட்டர் உலைக்கே போகாத பச்சை இரும்பின் எண்ணைக் காட்டியது. மற்ற இடமெல்லாம் வெந்த இரும்பு. அந்த மூன்று வளையத்தில் மட்டும் நைட்ரஜன் இறங்கவே இல்லை.

பிறகு அவள் தன் வலது கை மூன்று விரலை அந்த வளையங்கள்மேல் வைத்தாள். கிட்டத்தட்டப் பொருந்தியது.

"பாய்," என்றாள், "அன்னைக்குப் பூஜை."

நான் மற்ற ஐந்து கம்பியையும் அதன் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒச்சாண்டி மிச்சம் வைத்திருந்த அதே திருநீற்றை எடுத்து, அதே மாதிரி பால் விட்டுக் குழைத்து, நாலு தகட்டில் இரண்டுக்குப் பூசி, இரண்டை வெறுமனே விட்டு அடுத்த லோடோடு அனுப்பினாள். வந்ததும் அளந்தாள். வெறும் தகடு இரண்டும் தேறின. பூசிய தகடுகளில் குழம்பு காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் கீழே பச்சை இரும்பு. இதை கிராஃப் தாளில் வரைந்தாள். என் வாழ்க்கையில் நான் பார்த்ததில் அவ்வளவு தெளிவான தாள் வேறு இல்லை. ஒரு கோடு நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்கிறது. இன்னொரு கோடு புறப்பட்ட இடத்திலேயே கிடக்கிறது.

முதலில் ஒச்சாண்டியிடம்தான் போனாள். நானும் கூட நின்றேன்.

"அண்ணே, திருநீறு மேல குத்தமில்ல. எதைப் பூசுனாலும் அப்படித்தான். மாவைப் பூசுனாலும் அடைச்சுக்கும். அடுத்தவாட்டி பூசுங்க, சாமி கும்பிடுங்க. உலைக்குள்ள வைக்கிறப்ப மட்டும் தொடைச்சிட்டு வைங்க."

"பூசுனதைத் தொடைக்கவா?" ஒச்சாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, அன்னைக்கு என்னைய எந்திரிக்க வச்சது உன் ஊசியா? டாக்டரு என் பொண்டாட்டிகிட்ட என்ன சொன்னாக தெரியுமா? சாமிகிட்ட வேண்டிக்கங்கன்னு சொன்னாக. எங்க குலசாமிய நீ மீட்டர் வச்சு அளக்குற. அளந்துக்க. நான் தொடைக்க மாட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

பிறகு ஞானதுரையின் அறை. முனீஸ்வரி கிராஃப் தாளை மேஜையில் விரித்தாள். அவர் படித்தவர். ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"நோட்டைப் பாக்க வர்ற கோயம்புத்தூர்க்காரங்க கெட்ட லோடைக் கேக்காம விட மாட்டாங்க, அவங்களுக்கு இதை எப்படிம்மா எழுதுறது? காரணம்னு என்ன போடுறது?"

"திருநீறு பூச்சுன்னு போடலாம் சார். இல்லைன்னா மேல்பூச்சு அடைப்புன்னு போடுங்க."

"என்ன பூச்சுன்னு கேப்பாங்க. யார் பூசினது, ஏன் பூசினது? என் பேர் ஞானதுரை. என் கம்பெனியில திருநீறுதான் குத்தம்னு ஒரு பேப்பர் வெளியே போனா, எவனாவது அதை ஃபோன்ல படம் எடுத்துப் போட்டா, நாளைக்கு வாசல்ல கூட்டம் நிக்கும். எவன் உன் கிராஃபைப் பார்ப்பான்?"

"என் பேர்ல எழுதுறேன் சார்," என்றாள் முனீஸ்வரி. "எங்க வீட்லயும் தெனம் பூசத்தான் செய்றோம். முனீஸ்வரின்னு பேர் வச்ச பொண்ணு சொன்னா எவன் என்ன சொல்லிருவான்? நானே கையெழுத்துப் போடுறேன்."

இதைவிட ஒரு நல்ல வழி இருக்கவில்லை. எங்கள் இருவரையும் காப்பாற்றுகிற வழி அது. ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டார். "லெட்டர்பேடு என்னுதும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பாய், நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்வேன்? ராஜா முகம்மது என்று பெயர் வைத்துக்கொண்டு, திருநீற்றால் என் கம்பி கெட்டது என்று நான் சொல்வதா? கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவே நாளைக்கு நான் எந்தக் கடை வாசலில் நிற்பேன்? அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால், இந்த ஊரில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுருளிராஜன் என் பட்டறையில் டீ குடிக்கிறவர். ஒச்சாண்டி ரம்ஜானுக்கு என் வீட்டில் கஞ்சி குடிக்கிறவர். ஆனால் பயத்துக்குக் காரணம் தேவையில்லை. ஃபோனைத் திறந்தால் மதச் சண்டை மூட்டுகிற மாதிரி தினமும் பத்துப் படம் வருகிறது. பயம் அதிலிருந்தே ஏறிவிடுகிறது.

"அளவுல கோளாறுன்னு எழுதிக் குடுங்க பாய்," என்றார் ஞானதுரை. "மீட்டர் தப்பாக் காட்டிருச்சு, அதனால லோடு சரியா வேகாதது தெரியலை. யாரையும் சொன்னதா ஆகாது. உங்களுக்கு எண்பத்து நாலு கம்பியும் புதுசாப் பண்ணித் தர்றேன்."

யாரையும் சொன்னதாக ஆகாதாம். அந்த அறையில் நின்றுகொண்டிருந்த ஒருத்தியை அவர் ஆளாகவே எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கம்பெனிக்கு இளைத்தவள் முனீஸ்வரி. அவளுக்காகக் கூட்டம் கூடாது, படம் சுற்றாது, யார் மனமும் புண்படாது. எழுதிக் கொடுத்தேன். ஞானதுரை கிராஃப் தாளை நாலாக மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

ஜனவரியில் கோயம்புத்தூர்க்காரர்கள் வரவில்லை. ஞானதுரை அவர்களுக்கு அனுப்பி வைத்த என் நான்கு வரி போதுமாக இருந்தது. நாலு ஊசிக் கட்டையையும் மீட்டரையும் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தார்கள். முனீஸ்வரியைப் பழையபடி பில் போட உட்கார வைத்தார்கள். கேட் பாஸ் எழுதுவதும் அவள் வேலையாயிற்று. கடையில் டீ குடிக்கும்போது என் காதில் விழுந்தது: சுருளிராஜனின் மனைவி முனீஸ்வரியின் தாயிடம், "உன் மக அளந்த லட்சணத்துல என் புருசன் கண்ணு போச்சு" என்று சொன்னாளாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முனீஸ்வரி வீட்டில்கூட உண்மையைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. முதல் லோடு மறுபடியும் என் கம்பிதான், தொண்ணூறு. ஒச்சாண்டி வேண்டுதலை வருஷா வருஷம் என்று ஆக்கிக்கொண்டுவிட்டார். மூன்று பட்டை, எல்லாக் கம்பிக்கும். அலமாரிமேல் இருந்த மீட்டர் பெட்டிக்குக் கூட ஒரு பட்டை போட்டு, பொட்டும் வைத்தார். நான் பொரியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஒச்சாண்டி எட்டு மணிக்குத்தான் வருவார். என்ன செய்வதாகப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

உலைப் பக்கம் முனீஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையுறை போட்டிருந்தாள். ஒவ்வொரு கம்பியாக எடுத்து, பட்டையை ஈரத் துணியால் ஒற்றி ஒரு காகிதத்தில் வழித்து எடுத்து, கழுவுகிற திரவத்தில் முக்கி, வெள்ளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அறுபது முடிந்திருந்தது.

"சாமி திருநீறு, கீழ போடக் கூடாதுல்ல," என்றாள் காகிதத்தைக் காட்டி. "ஆத்துல விட்டுருவேன்."

"ஒச்சாண்டி கேட்டா?"

"உலைக்குள்ள நான் அடுக்கிட்டேன்னு சொல்வேன். மூடியிருக்கிற உலையத் தொறந்தா பாப்பாரு? நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க பாய். எங்க ஊர்ல இன்னொரு கண்ணு போகக் கூடாது. அம்புட்டுத்தான்."

மீதி முப்பது கம்பியை அவள் துடைத்து முடிக்கும்வரை நான் வாசலில் காவல் நின்றேன். உள்ளே போய் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

அந்தத் தொண்ணூறு கம்பியும் சீசன் முழுக்க ஓடியது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இந்த வருஷம் ஜூலையில் கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு வேலையாக வந்தார்கள். முனீஸ்வரி பழைய நோட்டைத் துடைத்து எடுத்து வைத்திருந்தாள். காட்டட்டுமா என்று ஞானதுரையிடம் கேட்டாள். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும், காட்டு என்றார். நான் அன்றைக்குக் கம்பி எடுக்க வந்திருந்தேன்.

வந்த அதிகாரிகளில் காமராஜ் என்று ஒரு இளவட்டம். நின்றுகொண்டே நோட்டைப் புரட்ட ஆரம்பித்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பக்கம் பக்கமாகப் படித்தார். "இது ரொம்ப நல்லா இருக்கே. யார் பண்ணினது?" என்றார். முனீஸ்வரியின் முகத்தில் நான் ஒன்றரை வருஷமாகப் பார்க்காத வெளிச்சத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ஃபைலைத் திறந்தார். என் நான்கு வரி அதில் இருந்தது.

"அந்த ஒரு லோடு என்ன ஆச்சு? இதுல தேறினதா எழுதியிருக்கு. கஸ்டமர் அளவுல கோளாறுன்னு குடுத்திருக்காரே?"

உலைப் பக்கமிருந்து ஒச்சாண்டி குரல் கொடுத்தார். "மீட்டர்தான் சார் கோளாறு. அது என்னென்னமோ சொல்லுச்சு, நாங்க பண்ற பூஜையக் கூடக் குத்தம் சொல்லுச்சு. போன வருசமும் அதே மாதிரிதான பூசி வச்சோம்? ஏதாச்சும் ஆச்சா? பாய்கிட்டயே கேளுங்க."

காமராஜ் என்னைப் பார்த்தார். "உங்க கம்பி எப்படி ஓடுது பாய்?"

முனீஸ்வரியும் என்னைப் பார்த்தாள். அவள் துடைத்ததால்தான் ஓடியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரிடமும் சொல்லாதே என்று அவளே சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு அவள் பார்த்த பார்வை சொல்லாதே என்கிற பார்வை இல்லை. அவள் சொல்ல முடியாது. சாமிக்குப் பூசியதை ஒருத்தி திருட்டுத்தனமாகத் துடைத்தாள் என்று அவள் வாயாலேயே வந்தால், ஒச்சாண்டி அங்கேயே உடைந்து போவார். நான் சொல்லலாம். நான் காவல் நின்றவன்.

"நல்லா ஓடுது சார்," என்றேன். "ஒண்ணு திரும்பி வரலை."

அது பொய்யில்லை. ஆகப்பெரிய பொய்யை நான் உண்மையைக் கொண்டே சொன்னேன். காமராஜ் நோட்டை மூடி மேஜையில் வைத்தார். "நல்ல முயற்சிம்மா" என்றார். கை கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேட் பாஸ் வாங்க அவள் மேஜைக்குப் போனேன். அவள் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தக் கம்பெனியில் அவள் கையெழுத்து இருக்கிற ஒரே பேப்பர் அதுதான்.

"திருப்பூருக்குப் போறேன் பாய்," என்றாள் நிமிராமல். "பனியன் கம்பெனியில செக்கிங். தையல் விட்டிருக்கான்னு பாக்கிற வேலை. அடுத்த மாசம் சேரச் சொல்லிருக்காக."

நான் பாஸுக்குக் கை நீட்டினேன்.

"இந்த வருசம் பூஜைக்கு நான் இருக்க மாட்டேன்." பாஸைக் கிழித்து நீட்டினாள். "நீங்களே வந்து தொடைச்சுக்கோங்க."

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். நான் துடைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். திருநீறு பூசிய கம்பிகளுக்கு முன்னால், கையில் ஈரத் துணியோடு, இந்தத் தாடியையும் தொப்பியையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதை யாராவது ஒரு படம் எடுத்தால் போதும். அது தெரிந்துதான் சொன்னாள். மூன்று வருஷம் இரும்பை அளந்தவள் அன்றைக்கு என்னை அளந்தாள்.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆயுத பூஜைக்கு இன்னும் பதினோரு நாள். முதல் லோடு உங்களுடையதுதான் பாய், ராசியான கை என்று ஞானதுரை ஃபோன் செய்துவிட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். நூறு கம்பி கடைந்து முடிந்து என் பட்டறையில் அடுக்கியிருக்கிறது. அதில் நாற்பது காமயகவுண்டன்பட்டிக்குப் போக வேண்டியது.